ரோம்ல வெர்டி படத்தைப் பார்க்க விடாத டூர் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

உங்க இத்தாலி டூர்ல வந்த ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் நான், ரோம்ல பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன்னு உக்காந்தேனே அதே ஆள்தான். நடந்தது உங்களுக்கே தெரியும். நோட்டீஸ்ல ரோம் மாடர்ன் ஆர்ட் கேலரின்னு போட்டீங்க, கூட்டிட்டுப் போகலை. அடுத்த டூர்லயாவது கூட்டிட்டுப் போங்க, இல்லேன்னா நோட்டீஸ்லருந்து அந்த வரியை எடுத்துடுங்க.

"மாடர்ன் ஆர்ட்டுதான சார், கோடு கோடா கிழிச்சு வச்சிருப்பான்"னு கைடு தம்பி சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது, இத்தாலி பெயிண்டர் ஜொவானி போல்தினி நெசமாவே கோடு கிழிச்ச ஆள்தான். 1886ல இசை மேதை வெர்டியை முதல்ல ஆயில் பெயிண்ட்ல வரைஞ்சார், அது அவருக்கே திருப்தியா வரலை, மறுபடி உக்கார வச்சு இந்தத் தடவை பாஸ்டல்ல, அதான் சாக்பீஸ் மாதிரி கலர்க் குச்சியில, சில மணி நேரத்துல முடிச்சுட்டார். தலையில உசரமான கறுப்புத் தொப்பி, கழுத்துல வெள்ளை ஸ்கார்ஃப், 72 வயசு முகம். அந்த ஸ்கார்ஃப் முடிச்சைப் புத்தகத்துல பார்த்துப் பார்த்து பிளாக்போர்டுல எத்தனை வருஷம் போட்டுக் காமிச்சிருப்பேன், சாக்பீஸ் தேஞ்சதுதான் மிச்சம். அச்சுல அந்தப் பாஸ்டல் பொடி தெரியாதுங்க, எந்த இடத்துல விரலால தேச்சார் எந்த இடத்துல அப்படியே விட்டார்னு நேர்ல பார்த்தாதான் புரியும். ஆயில் படத்தை வெர்டிகிட்ட கொடுத்துட்டு பாஸ்டலை மட்டும் தன்கிட்டயே வச்சிருந்தார் மனுஷன், 1918லதான் அந்த ரோம் கேலரிக்குக் கொடுத்தார். 32 வருஷம் கை விட்டுப் போகாம வச்சிருந்த படம். அதுக்காகத்தான் ரிட்டயர்மென்ட் பணத்துல டிக்கெட் போட்டேன், நீங்க அந்த நேரத்துல சாம்பார் சாதத்துக்கு ஒன்றரை மணி நேரம் காக்க வச்சீங்க. சாம்பார் எங்க ஊர்லயே கிடைக்கும் சார்!

இதுல இன்னொண்ணு. வெனிஸ்லருந்து ஃபுளோரன்ஸ் போற வழியில ஃபெராரா போர்டு வந்ததும் பாதி பஸ் ஃபெராரி கார் கம்பெனின்னு நெனச்சு போட்டோ எடுத்துச்சு, கைடும் சரின்னுட்டார். போல்தினி 1842ல பொறந்த ஊர் அது, அப்பாவும் பெயிண்டர், அங்கருந்து ஃபுளோரன்ஸ், அப்புறம் 1871ல பாரிஸ்னு போயி பணக்கார வீட்டுப் பொம்பளைங்க வரிசையில நிக்கிற அளவுக்குப் பேர் வாங்கி 1931ல அங்கயே செத்தார், ஆனா அடக்கம் பண்ணது இதே ஃபெராராவுலதான். நமக்கு அதெல்லாம் எதுக்கு, லெதர் கடையில ரெண்டு மணி நேரம் நிப்பாட்டினீங்களே, அது போதாதா. பெல்ட் நல்ல பெல்ட்டுதான், பொய் சொல்லலை.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். காசைத் திருப்பிக் கேக்கலைங்க. கேலரியில ஒரு மணி நேரம் விடுங்க, வரப் பிடிக்காதவங்க பக்கத்துல போர்கேசே பார்க்குல உக்காரட்டும். முடியலைன்னா அந்த வரியை அடிச்சுடுங்க, என்னை மாதிரி இன்னொரு மாஸ்டர் நம்பி வரக் கூடாது. அடுத்த நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு ஒரு போன் பண்ணுங்க, கேலரி என்னைக்கு லீவுன்னு நானே பார்த்துச் சொல்றேன்.