அப்டேட் நின்ற போனின் பூட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் காரைக்குடியில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் எங்கள் மேசைக்குப் போன்கள் வருகின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் நீங்கள் ஒரு குழு அமைத்தீர்கள். எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கையும் 2025 மே மாதம் உங்களிடம் வந்து சேர்ந்தது. உதிரிபாகம், பழுதுபார்க்கும் தகவல், மென்பொருள் ஆதரவு எல்லாம் அதில் பேசப்பட்டிருப்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அதில் இன்னும் ஒன்று சேர வேண்டும். அது பூட்லோடர் பூட்டு. போனைத் தொடங்கிவைக்கும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர்; கம்பெனி தந்ததைத் தவிர வேறு மென்பொருள் போனில் ஓடாதபடி அதில் போட்டிருக்கும் தடைதான் இந்தப் பூட்டு.

அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலம் கொடுத்து வரவழைத்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் எங்களுடையது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில், பேட்டரி உப்பிவிட்டது என்பதற்காக யாரும் போனைத் தூக்கிப் போடுவதில்லை. பேட்டரி மாற்றுகிறோம், டிஸ்பிளே மாற்றுகிறோம், சார்ஜிங் போர்ட்டைப் பிரித்து வேறு வைக்கிறோம். எங்களால் கை வைக்க முடியாமல் நிற்பது வேறொரு பழுது. போர்டு நன்றாக இருக்கிறது, கேமரா நன்றாக இருக்கிறது, ஆனால் கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்தி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒருநாள் வங்கி ஆப் திறக்க மறுக்கிறது. அடுத்து வாட்ஸ்அப் இந்த ஆண்ட்ராய்டில் இனி ஓடாது என்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசுவதற்கென்றே போன் வைத்திருக்கும் ஆச்சிமார்கள் இந்தப் பக்கம் நிறைய. "நல்லாத்தானே இருக்கு தம்பி, இத எதுக்கு மாத்தணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இதற்கு மருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது. அதை எடுத்துப் பழைய போன்களுக்கு ஏற்றபடி தன்னார்வலர்கள் திருத்தித் தருகிறார்கள். 2009இல் சயனோஜென்மாட் என்று தொடங்கிய வேலை அது. 2016 இறுதியில் அது நின்றபோது, அதே நிரலைக் கையிலெடுத்து லீனியேஜ் ஓஎஸ் வந்தது. தயாரித்தவர்களே கைவிட்ட எத்தனையோ போன்களில் இன்றைக்குப் புது ஆண்ட்ராய்டும் பாதுகாப்புத் திருத்தங்களும் ஓடுவது இவர்களால்தான். இதிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. நெட்வொர்க்கோடு பேசும் மோடம், சிப்புக்குள் இருக்கும் மூடிய மென்பொருள் ஆகியவற்றைத் தன்னார்வலர்களால் திருத்த முடியாது. அவை கம்பெனி கடைசியாகக் கொடுத்த நிலையிலேயே நிற்கும். அப்படியிருந்தும், ஒன்றுமே வராமல் கிடக்கும் போனைவிட இந்தப் போன் பல மடங்கு பாதுகாப்பானது.

ஆனால் இந்த மென்பொருளைப் போனுக்குள் ஏற்ற பூட்லோடர் திறக்க வேண்டும். போனை ஆன் செய்ததும், சிப்பிலேயே பதிந்திருக்கும் சிறிய நிரல் முதலில் எழுந்து, அடுத்து வரும் பூட்லோடரில் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறது. பூட்லோடர் ஆண்ட்ராய்டின் கையொப்பத்தைப் பார்க்கிறது. ஒரு கண்ணியில் பொருந்தாவிட்டாலும் போன் மேலே போகாது. இது நல்ல ஏற்பாடு. நமக்குத் தெரியாமல் யாரோ போனுக்குள் வேறு மென்பொருளை நுழைத்துவிடாதபடி இதுதான் காக்கிறது. இந்தக் காவலே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

திறக்க அனுமதிக்கும் போன்களில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் பகுதி தெரியவரும். அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்பதை இயக்க, போனின் ரகசிய எண் தெரிந்திருக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரோடு இணைத்து பாஸ்ட்பூட் என்ற கருவி வழியாகக் கட்டளை கொடுத்து, போன் திரையிலும் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த நொடியே உள்ளிருக்கும் படம், செய்தி, கணக்கு எல்லாம் அழிந்துபோகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 'இந்தப் போனின் பூட்லோடர் திறந்திருக்கிறது' என்று எச்சரிக்கை வரும். திருடியவன் கையில் போன் கிடைத்தாலும் இந்த வழியில் அவனுக்கு உங்கள் படம் ஒன்றுகூடக் கிடைக்காது. கூகுளின் பிக்சல் போன்களில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். வேறு மென்பொருளை ஏற்றிய பிறகு, அதன் கையொப்பத்தையே பதிந்து பூட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பும் போகாது, உரிமையும் போகாது. ஆக, இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. மனமிருந்தால் போதும்.

அந்த மனம்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஹுவாவே 2018இல், பூட்டைத் திறக்கத் தேவையான அன்லாக் கோடு கொடுப்பதையே நிறுத்தியது. ஷாவ்மி பல நாள் காக்க வைத்துத் திறக்கும் முறையை வைத்திருந்தது, ஹைப்பர்ஓஎஸ் என்ற அதன் புது மென்பொருள் வந்த பிறகு அதையும் இறுக்கிவிட்டது. சாம்சங் 2025இல் ஒன் யூஐ 8 என்ற தன் மென்பொருள் பதிப்பைக் கொண்டுவந்தபோது அன்லாக் வசதியை எடுத்துவிட்டது. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது எல்ஜி விஷயம். 2021இல் செல்போன் தொழிலை விட்டே வெளியேறிய கம்பெனி, அந்த ஆண்டு இறுதியோடு அன்லாக் கோடு தரும் சேவையையும் மூடிக்கொண்டது. இனி தன் போன்களைக் கவனிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள், கவனித்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கும் வழிவிடவில்லை. சட்டம் ஒன்று அவசியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

முறையான வழியை மூடிவிட்டதால் ஆசை நின்றுவிட்டதா என்றால், இல்லை. டெலிகிராமில் யாரென்றே தெரியாதவர்கள் விற்கும் டூல்களை வாங்குகிறார்கள். போர்டில் சோதனைக்கென்று இருக்கும் டெஸ்ட் பாயிண்டைத் தொட்டு, சிப்பை அவசர நிலைக்குக் கொண்டுபோய், எங்கிருந்தோ கசிந்த கோப்புகளை ஏற்றுகிறார்கள். கீழ்ப்பதிப்புக்குத் திரும்ப விடாத காப்பு உள்ள போனில் பழைய பைலைப் பிளாஷ் செய்தால், அதாவது உள்ளே ஏற்றினால், போன் அப்படியே டெட். அந்த டூலோடு கடைக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் வந்தால், அதன் பிறகு அங்கே இணைக்கப்படும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் போனுக்கும் ஆபத்து. கல்லூரிப் பிள்ளைகள் ஆர்வத்தில் செய்து பார்த்துக் கெடுத்துக்கொண்டு வரும்போது எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதில்லை. கற்றுக்கொள்ள நேர்வழி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இங்கே வந்து தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

'அன்லாக்' என்ற பேச்சை எடுத்தாலே சந்தேகத்தோடு பார்ப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது குற்றம். 2017இலேயே அதற்கு விதி வந்தது, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் தண்டனை கடுமையானது. அதில் ஒரு தளர்வும் வேண்டாம். திருட்டுப் போனை ரீசெட் செய்தாலும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கிற எஃப்ஆர்பி காப்பும் இருக்கட்டும். நான் கேட்பது பில் வைத்திருக்கும் உரிமையாளர், தன் போனில், தன் சம்மதத்தோடு செய்வதற்கு மட்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவுகூட, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. சொந்தப் போனுக்குப் பாதுகாப்புத் திருத்தம் ஏற்றுகிறவருக்கு அந்த நோக்கம் எங்கே இருக்கிறது?

அப்புறம் வங்கி ஆப் விஷயம். பூட்லோடர் திறந்த போனில் பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் ஓட மறுக்கின்றன. போனை நம்பலாமா என்று ஆப்களுக்குச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில், அவை வழக்கமாகக் கேட்கும் நிலையில் அந்தப் போன் தேறாது. அதே சமயம், பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு அப்டேட்டே காணாத ஒரு பழைய போன், பூட்டியிருப்பதால் அதே நிலையில் தேறிவிட முடியும். எந்தப் போன் உண்மையில் ஆபத்தானது என்று வங்கிகள் யோசிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியோடு இதைப் பேச வேண்டியது நீங்கள்தான். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் எழுதினால் அங்கே எடுபடாது.

காரைக்குடியில் பழம்பொருள் கடைத் தெருவுக்கு வந்தால், பல தலைமுறைக்கு முன் கப்பலில் வந்த எனாமல் பாத்திரங்கள் இன்னும் விலைக்குப் போவதைப் பார்க்கலாம். பொருளை அவ்வளவு காலம் வைத்துப் புழங்கிப் பழகிய மண் இது. இங்கே நாலைந்து வருடத்துப் போனைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், தயாரிப்பாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைக்கின்றன. நல்லது. ஆனால் இன்னும் சில ஆண்டுகள் ஓடக்கூடிய போனைக் கழிவாக மாறாமல் காப்பது அதற்கும் முந்தைய வேலை அல்லவா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. பூட்லோடரை அவர்களும் தொடவில்லை. நாம் அவர்களுக்கு முன்னே போகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். போன் பெட்டியின் மேல், பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வரை வரும், பூட்லோடரை உரிமையாளர் திறக்க முடியுமா என்ற இரண்டையும் தமிழிலும் அச்சிடச் சொல்லுங்கள். பழுதுபார்க்கும் மதிப்பெண்ணில் அதற்குத் தனி இடம் கொடுங்கள். அப்டேட் நின்ற நாளிலிருந்து, கணக்கு தொடங்கச் சொல்லாமல், பணம் கேட்காமல் பூட்டைத் திறக்கும் வழியைக் கொடுப்பது கட்டாயம் என்று விதி செய்யுங்கள். கம்பெனி நாட்டைவிட்டுப் போனாலும் அந்த வழி திறந்தே இருக்கும்படி எழுதுங்கள். ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமப்படி தர வேண்டிய, ஆண்ட்ராய்டின் மையமான கெர்னல் நிரலை முழுமையாகத் தருகிறார்களா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பூட்டு மட்டும் திறந்தால் தன்னார்வலர்களுக்குப் பாதி வேலைதான் நடக்கும்.

விதி எழுதும் முன் கடைக்காரர்களிடம் பேச நினைத்தால், மாவட்டத்துக்கு ஒரு கூட்டம் வையுங்கள். சிவகங்கையில் வைத்தால் காரைக்குடி, தேவகோட்டைக் கடைக்காரர்களை நான் அழைத்து வருகிறேன். பூட்டிய போன், திறந்த போன் இரண்டையும் கொண்டுவந்து உங்கள் முன்னாலேயே பிளாஷ் செய்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி செல்போன் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்