பிராண்ட்போர்ட் அரங்கப் பயணம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் இல்லை. அன்று பிள்ளைகளை பிராண்ட்போர்ட்டில் உள்ள சாண்டர்சன் சென்டர் என்ற பழைய நாடக அரங்குக்குக் கூட்டிப் போகிறோம். "பழைய தியேட்டர் பார்க்க ரொறன்ரோவே இருக்கிறதே, ஏன் அவ்வளவு தூரம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

ரொறன்ரோவின் எல்ஜின், வின்டர் கார்டன் அரங்குகளை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர் தாமஸ் லாம்ப் வடிவமைத்ததுதான் இதுவும். வின்டர் கார்டனைப் புதுப்பித்தபோது, தண்ணீர் பட்டால் சுவரோவியம் கரைந்துவிடும் என்று ரொட்டி மாவைப் பிசைந்து உருட்டி உருட்டியே அழுக்கை எடுத்தார்களாம். அதையும் ஒருநாள் பார்க்கலாம். ஆனால் பெருநகரத்தில் அப்படிப்பட்ட வேலைக்குப் பணமும் ஆளும் கிடைக்கும். பிராண்ட்போர்ட், கிராண்ட் ஆற்றங்கரையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். அங்கே இப்படியொரு அரங்கு தப்பியதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

1919 டிசம்பரில் டெம்பிள் தியேட்டர் என்று திறந்தார்கள். பாட்டு, நடனம், வித்தை, நகைச்சுவை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சிகள், நடுவே ஊமைப்படம். பேசும் படம் வந்ததும் மேடைக் கலைஞர்களின் பிழைப்பு போயிற்று. கட்டடம் மட்டும் கப்பிட்டல் என்ற பெயரில் படம் காட்டிப் பிழைத்துக்கொண்டது. 1986இல் நகரசபையே அதை வாங்கிப் புதுப்பித்து, மறுபடி மேடைக் கலைக்குத் தந்தது.

சரி, நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன? அது ஒலிவாங்கியை நம்பிக் கட்டிய மண்டபம் இல்லை. 1,100க்கு மேல் இருக்கைகள்; மேல்மாடத்தின் கடைசி வரிசைக்கும் நடிகரின் குரல் தானாகப் போய்ச் சேர வேண்டும். போன கலைவிழாவில் நம்முடைய ஒலிவாங்கி சற்று நேரம் நின்றபோது முன்வரிசைக்கே வசனம் கேட்கவில்லை. ஊரில் விடிய விடியக் கூத்து ஆடியவர்களுக்கு மைக் யார் கொடுத்தார்கள்?

ஆகவே ஒரு வீட்டுவேலை. தினமும் ஐந்து நிமிடம் பிள்ளை குசினியில் நின்று தன் வசனத்தைச் சொல்லட்டும். நீங்கள் பேஸ்மென்டில் இருந்து கேளுங்கள். கத்த விடாதீர்கள். கத்தினால் சத்தம்தான் வரும், சொல் வராது. மூச்சை நன்றாக இழுத்து, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் சொன்னாலே போதும். அங்கே மேடையில் ஏறிப் பேச அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைத்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி.

பேருந்து காலை 8.30க்குப் புறப்படும். அரங்குக்குள் சாப்பாடு கூடாது. மதியம் ஆற்றங்கரைப் பூங்காவில் சாப்பிடுவோம். புளிச்சாதமோ சாண்ட்விச்சோ கட்டிக் கொடுங்கள், கச்சான் மட்டும் வேண்டாம்: ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். கைபேசிகளை ஆசிரியர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இதற்கு விதிவிலக்குக் கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

சம்மதப் படிவத்தை வருகிற சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். துணைக்கு வரக்கூடிய பெற்றோர் ஆறு பேர் தேவை. அம்மம்மா, அப்பப்பா யாராவது ஊரில் கூத்து ஆடியவர்களாக இருந்தால் அவர்களுக்குத்தான் முதல் இடம். படி ஏறச் சிரமப்படுவார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கீழ்த்தளத்தில் இருக்கை கேட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
அதிபர்