நம்ம குடும்ப வரலாற்று வட்டம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல முழுசா வாசிக்க நேரம் இல்லாததால எழுதியே குரூப்ல போடுறேன், அன்னைக்கு வந்தவங்க ரொம்பக் குறைவு, வராதவங்களும் தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

மாசக் கூட்டம் வழக்கம்போல வட வேல்ஸ்ல இருக்கிற ரெக்ஸம் ஊர்ல நடந்துச்சு. பொங்கல் சாப்பாடு நல்லபடியா முடிஞ்சுது. கோடையில வேல்ஸ்லயே இருக்கிற பொவிஸ் கோட்டைக்கு டூர் போனோம், குழந்தைங்களுக்கு திப்பு சுல்தானோட கூடாரம் ரொம்பப் பிடிச்சிருந்துது.

அந்த டூர்ல நான் சொல்ல வந்ததை பஸ் கிளம்புற அவசரத்துல பாதியில விட்டேன், இங்க முடிச்சிடுறேன். ராபர்ட் கிளைவோட மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரைக்கும் மதராஸ் கவர்னர். அவரோட மனைவி ஹென்ரியெட்டா ஹெர்பர்ட், அந்த பொவிஸ் கோட்டை வீட்டுப் பொண்ணு, கல்யாணம் 1784ல. 1801ல அவங்க அண்ணன் வாரிசு இல்லாம இறந்ததும் சொத்து இவங்க பக்கம் வந்துச்சு, 1804ல எட்வர்டுக்கு பொவிஸ் பிரபு பட்டம், 1807ல இவங்க மகன் கிளைவ்ங்கிற பேரை விட்டுட்டு ஹெர்பர்ட்னு மாத்திக்கிட்டார். அப்பா பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டு தேடுறவங்க இந்த இடத்துல தடம் தவறிடுவாங்க. ருவாபன் ஊர் பக்கத்துல இருக்கிற வின்ஸ்டே மாளிகையிலயும் இதே கதைதான், 1719ல வாட்கின் வில்லியம்ஸ்னு ஒருத்தர் அம்மா வழியில அந்த சொத்துக்கு வந்து வில்லியம்ஸ்-வின் ஆயிட்டார். வேல்ஸ்ல பெரிய வீட்டு வம்சத்தைத் தேடணும்னா பொண்ணுங்க வழியைத்தான் முதல்ல பாக்கணும், அது கல்யாண ஒப்பந்தப் பத்திரத்துல இருக்கும், அந்தப் பத்திரம் அந்த வீட்டு எஸ்டேட் ஆவணப் பெட்டிக்குள்ள இருக்கும்.

இதுக்காகத்தான் பழைய எஸ்டேட் பத்திரங்களோட நகலைப் படிச்சு அட்டவணை போடுற வேலையை நான் ஆரம்பிச்சேன். கமிட்டில சிலர் "ஆன்லைன்லயே வம்சாவளி கிடைக்குதே, இது எதுக்கு"ன்னு கேட்டாங்க, கேள்வி நியாயம்தான், பதிலை விவரமா சொல்றேன். ஆன்லைன்ல இருக்கிறதுல பாதி பழைய வம்சாவளிகள்ல இருந்து எடுத்தது. 1586ல இருந்து லூயிஸ் டுன்ங்கிற புலவர் ஊர் ஊரா போய் பெரிய வீட்டுக்காரங்க வம்சத்தை எழுதினார், மதிப்புள்ள வேலை, ஆனா அதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரங்க சொன்னது. பழைய வேல்ஸ் ராஜாக்கள் வரைக்கும் கொண்டுபோய் சேர்க்கணும்னு எல்லா வீட்டுக்கும் ஆசை. பத்திரத்துக்கு அந்த ஆசை கிடையாது. யார் யாருக்கு எந்த நிலத்தை என்னைக்கு எழுதிக் குடுத்தாங்கங்கிறது மட்டும்தான் அதுல இருக்கும், பொய் எழுதினா கோர்ட்ல நிக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம். பழைய வேல்ஸ் வழக்கப்படி அப்பா சொத்து எல்லா ஆம்பளைப் பசங்களுக்கும் சமமா பிரியும். வேல்ஸை இங்கிலாந்தோட சேர்த்த 1536, 1543 சட்டங்கள் வந்து இங்கிலாந்து மாதிரி மூத்தவனுக்கே எல்லாம்னு ஆன பிறகுதான் பெரிய எஸ்டேட் ஒண்ணா நிலைச்சுது. சின்ன வீடுகள் கடன்ல விழுந்து ஒவ்வொண்ணா பெரிய வீட்டுக்கு வித்துடுச்சு. விக்கும்போது நம்ம ஊர்ல தாய்ப்பத்திரத்தை வாங்குறவன் கையில குடுக்கிற மாதிரியே அங்கயும் பழைய பத்திரக் கட்டை அப்படியே குடுத்துட்டாங்க. அதனால அழிஞ்சுபோன ஒரு சின்ன வீட்டோட இருநூறு வருஷ வரலாறு அதை வாங்கினவன் பெட்டிக்குள்ள பத்திரமா தூங்குது. தேடுற குடும்பத்தோட பேர்ல பதிவு இல்லைன்னா, நிலத்தை யார் வாங்கினாங்கன்னு பாருங்க.

அப்புறம் மூணு உயிர் குத்தகை. 18ம் நூற்றாண்டுல நிறைய பண்ணையை இப்படித்தான் விட்டாங்க. பத்திரத்துல மூணு பேர் பேரை எழுதுவாங்க, பெரும்பாலும் குத்தகைக்காரர், மனைவி, ஒரு சின்னப் பையன். மூணு பேர்ல கடைசி ஆள் சாகுற வரைக்கும் குத்தகை செல்லும். ஒருத்தர் செத்தா பணம் கட்டி புதுப் பேர் சேர்க்கலாம், அங்கயே நமக்கு ஒரு சாவும் ஒரு பிறப்பும் கிடைச்சிடுது. வாடகையோட கொழுத்த கோழி, அறுவடைக்கு ஆள் வேலை, குத்தகைக்காரர் செத்தா வீட்டுல இருக்கிற நல்ல மாடுன்னு எல்லாம் எழுதியிருக்கும். பரிஷ் பதிவேடு, அதாவது ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதுற சர்ச் பதிவேடு, இல்லாத வருஷத்துக்கு இதைவிட்டா வேற கதி இல்லை. டேவிட் மகன் ஜான், ஜான் மகன் டேவிட்னு அதே பேர் சுத்தி சுத்தி வர்ற ஊர்ல பண்ணைப் பேரை வச்சுத்தான் ஆளைப் பிரிக்க முடியும். வின்ஸ்டே மாளிகை 1858ல எரிஞ்சப்போ எத்தனையோ கையெழுத்துப் பிரதி போயிடுச்சு, மிஞ்சினதையாவது நாம ஒழுங்கா படிக்கணும்.

இப்ப வருத்தமான விஷயம். படிச்சு அட்டவணை போட பத்திர நகல் கட்டுகளை ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்தோம், எல்லாரும் சந்தோஷமா வாங்கிட்டுப் போனீங்க, திரும்பி வந்தது மூணே பேர்கிட்ட இருந்து. லத்தீன் வருதுன்னு சிலர் சொல்றாங்க, 1733க்கு அப்புறம் கோர்ட் பத்திரமே இங்கிலீஷ்தான், நான் குடுத்த கட்டெல்லாம் அதுக்குப் பிந்தினது. தேதி குழப்பமா இருந்தா, 1752க்கு முன்னாடி வருஷம் மார்ச் 25ல பிறக்கும்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, 1740 பிப்ரவரின்னு இருந்தா அது நம்ம கணக்குல 1741. வாசிப்புக் கூட்டத்துக்கு வர்றேன்னு தம்ஸ்-அப் போட்டுட்டு வராம இருக்கிறது, ஹால் வாடகை கட்டுற பொருளாளர் அக்காவுக்கு ரொம்ப சங்கடம்.

சந்தா விஷயமும் அப்படித்தான். பாதிக்குப் பாதி பேர் இன்னும் கட்டலை, சிலருக்கு இது ரெண்டாவது வருஷம். பேர் போட விரும்பலை, அவங்களுக்கே தெரியும். கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரியா இருக்கு, நகல் எடுத்த செலவுதான் கொஞ்சம் கூடிடுச்சு, விவரம் அக்காகிட்ட இருக்கு, யார் வேணா பாக்கலாம்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், பொங்கலுக்கு சமைச்சவங்களுக்கும், கார் குடுத்து உதவினவங்களுக்கும் நன்றி. ஆவணக் காப்பக ஊழியர்கள் பொறுமையா பெட்டி பெட்டியா எடுத்துக் குடுத்தாங்க, அவங்களுக்குத் தனியா நன்றி.

அடுத்த வருஷம் ஹாவர்டன் ஆவணக் காப்பகத்துல இருக்கிற எர்த்திக் மாளிகையோட எஸ்டேட் பேப்பரை எடுக்கணும்னு ஆசை. 1687 முதல் 1692 வரைக்கும் மதராஸ் கோட்டைக்கு கவர்னரா இருந்த எலிஹு யேலோட பிளாஸ் க்ரோனோ வீடு எர்த்திக் பக்கத்துலதான் இருந்துது, ரெக்ஸம் சர்ச்சுல அவர் கல்லறையை நம்ம எல்லாரும் பாத்திருக்கோம். சர்க் கோட்டை, வின்ஸ்டே ரெண்டோட பேப்பருக்கும் அபெரிஸ்ட்வித்ல இருக்கிற வேல்ஸ் தேசிய நூலகத்துக்குத்தான் போகணும். 1858க்கு முந்தின உயில்களை அவங்க இலவசமா ஆன்லைன்ல வச்சிருக்காங்க, வர முடியாதவங்க வீட்டுல இருந்தே அதுல ஆரம்பிக்கலாம். ஆனா ஒரு ஆள் இதையெல்லாம் தூக்க முடியாது. ரெண்டு பேர் உறுதியா கை குடுத்தா நான் செயலாளரா தொடர்றேன், இல்லைன்னா பொறுப்பை வேற யாராவது எடுத்துக்கலாம், அட்டவணை வேலையை மட்டும் நான் விடமாட்டேன். நகல் கட்டு வச்சிருக்கவங்க, படிச்சிருந்தாலும் படிக்கலைன்னாலும், அடுத்த கூட்டத்துக்கு சந்தாவோட எடுத்துட்டு வந்துடுங்க.

செயலாளர்