தாயின் முன் அந்நியளாக நின்ற மகள்

அன்பு மகளுக்கு,

தேவதைக் கதை மாந்தர்களைக் கொண்ட 'ஒன்ஸ் அபான் எ டைம்' என்ற அமெரிக்கத் தொடரின் மூன்றாம் சீசன் முடிவைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். கடந்த காலத்துக்குப் போகும் மகள் எம்மா, தன் பெற்றோரின் முதல் சந்திப்பைத் தெரியாமல் கெடுத்துவிட்டுப் பிறகு அதைச் சரிசெய்ய ஓடுவது அரைத்த மாவையே அரைப்பதுதான் என்கிறாய். கதையின் அமைப்பைப் பொறுத்தவரை உன்னோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த முடிவின் இரண்டு எபிசோடுகளையும் ஏபிசி தொலைக்காட்சி 2014 மே 11 அன்று, அதாவது அமெரிக்காவின் அன்னையர் தினத்தன்று, ஒரே இரவில் அடுத்தடுத்து ஒளிபரப்பியது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், நீ கவனிக்காமல் கடந்துவிட்ட வேறொரு கதை தெரியும்.

கடந்த காலத்துக்குத் திறக்கும் அந்தக் காலவாசலுக்கு உரியவள் யார் என்பதை முதலில் யோசித்துப் பார். இறந்தவரை எழுப்ப முடியாது, ஒருவர் மனத்தில் காதலை உண்டாக்க முடியாது, நடந்து முடிந்ததை மாற்ற முடியாது என்று மாயத்துக்கு மூன்று எல்லைகளை வகுத்திருக்கும் அந்த உலகில், மூன்றாவதை உடைக்கத் துணிந்தவள் சூனியக்காரி ஸெலினா. பிறந்த உடனே தாய் கோரா தன்னைக் காட்டில் விட்டுச் சென்றதை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்பதற்காகவே அவள் அத்தனை பேரையும் துன்புறுத்துகிறாள். அவள் தோற்றுச் சிறைப்பட்ட பின், மகனைப் பறிகொடுத்த மாயாவி ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் ரகசியமாக அவளைக் கொல்ல, அவளுடைய சக்தி அதை அடக்கியிருந்த பதக்கத்திலிருந்து வெளியேறி வாசலைத் திறக்கிறது. அதற்குள் இழுக்கப்படும் எம்மாவோ, தீய அரசி ரெஜினாவின் சாபத்திலிருந்து காப்பதற்காக, பிறந்த அன்றே பெற்றோரால் ஒரு மர அலமாரிக்குள் வைத்து வேறு உலகத்துக்கு அனுப்பப்பட்டவள். பெற்றோர் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டதாகவே நம்பி வளர்ந்தவள்.

ஆக, கைவிடப்பட்ட ஒரு மகள் அமைத்த வழியில் கைவிடப்பட்ட இன்னொரு மகள் போகிறாள். முன்னவள் தன் தாயின் முடிவை அழிக்க நினைத்தாள். பின்னவளோ, தன் பெற்றோரான ஸ்னோ ஒயிட்டும் சார்மிங்கும் சந்திக்க வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கும்போது, தன்னை அந்த அலமாரிக்குள் வைக்கப்போகும் நாளையும் சேர்த்தே காப்பாற்றுகிறாள். தொடர் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாதவரை நல்லதுதான்.

இன்னொன்றையும் கவனி. வழக்கமான காலப்பயணக் கதைகளில் பெற்றோரின் இளமையைக் காண்பதே பிள்ளைக்கு அதிர்ச்சி. இங்கே அதற்கு இடமே இல்லை. சாபத்தால் காலம் 28 ஆண்டுகள் உறைந்துபோனதால், அவர்கள் வந்துசேர்ந்த ஸ்டோரிப்ரூக் என்ற ஊரில் பெற்றோரும் மகளும் ஏற்கெனவே ஒரே வயதினராகத்தான் இருக்கிறார்கள். எம்மாவாக நடித்த ஜெனிபர் மாரிசன் 1979இல் பிறந்தவர், அவருடைய தாயாக நடித்த ஜினிபர் குட்வின் 1978இல் பிறந்தவர். எனவே முகத்தில் எந்த மாற்றமும் இல்லாத அதே தாய் எதிரே நிற்கிறாள். அவள் பார்வையில் மகள் என்ற அறிதல் மட்டும் இல்லை. ரெஜினாவால் ஸ்னோ தீக்கிரையாவதைக் கண்டு எம்மா துடிப்பதும், ஸ்னோ சிறு வண்டாக உருமாறித் தப்பியிருப்பது பின்னர் தெரியவருவதும், அந்த வெறுமையான பார்வைக்குப் பிறகுதான் பொருள் பெறுகின்றன. ஸ்டோரிப்ரூக்கை விட்டு நியூயார்க்குக்குத் திரும்பியே தீருவேன் என்றிருந்த எம்மா, அம்மா அப்பா என்று அழைக்கும் மனநிலையோடு திரும்பி வருவதற்கு வேறு காரணம் எதுவும் வேண்டியதில்லை. (மைதாஸ் மன்னரின் விருந்தில், விண்வெளிப் படம் ஒன்றின் இளவரசி பெயரைச் சொல்லி அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடத்தில் இம்முறையும் சிரித்துவிட்டேன்.)

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது முடிவுதான். கடந்த காலத்தில், ரெஜினாவின் சிறையில் தன்னோடிருந்த பெண்ணை மரணத்துக்கு விட்டுவர மனமில்லாமல் எம்மா அழைத்து வருகிறாள். அவள் ராபின் ஹூட்டின் மனைவி மாரியன் என்பது இங்கு வந்த பிறகுதான் தெரிகிறது. ராபினோடு அப்போதுதான் புதுவாழ்வைத் தொடங்கியிருந்த ரெஜினா, நீயும் உன் தாயைப் போலவே விளைவை எண்ணாதவள் என்று சீறுகிறாள். சிறுமியாக இருந்தபோது ஸ்னோ வெளியிட்ட ஒரு ரகசியம்தான் ரெஜினாவின் முதல் காதலனின் உயிரைப் பறித்தது என்பதை நினைத்தால், அந்தச் சீற்றத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், மாரியனைக் கொல்லவிருந்தவளே அந்தப் பழைய ரெஜினாதான். எம்மாவைக் குற்றம் சொல்வதா, ரெஜினாவுக்காக இரங்குவதா, யாருக்கும் தீங்கு செய்யாத மாரியனின் பக்கம் நிற்பதா என்று முடிவெடுக்க முடியாத இடத்தில் சீசனை நிறுத்தியது நல்ல எழுத்து.

அதனால்தான் நான்காம் சீசன்மீது எனக்குக் கோபம். வந்தவள் மாரியனே அல்லள், அவளைக் கொன்று அவள் உருவத்தில் வந்த ஸெலினா என்று சொல்லி, அந்தச் சிக்கலை ஒரே நொடியில் இல்லாமல் செய்துவிட்டார்கள். அதை நீ மிகச் சாமர்த்தியமான திருப்பம் என்று பாராட்டியிருக்கிறாய். உண்மையான மாரியன் கடைசிவரை அங்கேயே வாழ்ந்திருந்தால் ரெஜினாவை அவர்கள் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று, உன் வாதத்தோடு சேர்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா