கப்பலில் தேடிய கிப்பர்

மரியே வாழ்க!

சவுத்தாம்ப்டன்
ஜூன் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டேன். எட்டு நாளாகப் போன் வரவில்லை என்று நீ பனிமய மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்ததாகத் தம்பி சொன்னான். கப்பல் கடலுக்குள் போய்விட்டால் போன் வேலை செய்யாது. இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு கேட்கிறார்கள், அது நமக்குக் கட்டுப்படியாகாது. போவதற்கு முன்பே சொன்னேன், நீதான் மறந்துவிட்டாய். இந்த எட்டு நாள் கதையைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. "சாப்பிட்டியா, மெலிஞ்சிட்டியா" என்று கேட்டே நேரத்தை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

கப்பலில் போக ஆசைப்பட்டது நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாதான். அவருக்கு 86 வயது. முட்டி இரண்டும் போய்விட்டது, கண்ணும் மங்கல். நோர்வே நாட்டு மலைகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் அவரை அனுப்ப முடியாது என்பதால் என் செலவையும் அவருடைய பிள்ளைகளே கட்டினார்கள். எனக்கு நோர்வேக்குத் தனி விசா வேண்டும், அதற்கு ஒன்றரை மாதம் அலைந்தேன்.

தோணிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கப்பலைப் பார்த்ததும் கப்பல் என்றே தோன்றவில்லை அம்மா. தெருவையே தூக்கி நிறுத்தி வைத்த மாதிரி மாடி மேல் மாடி. டைட்டானிக் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி கிளம்பியதும் இதே சவுத்தாம்ப்டனிலிருந்துதான். கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பாட்டியம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குக் காலையில் கிப்பர் கிடைக்குமா?"

கிப்பர் என்பது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும், உனக்குத்தான் அது நன்றாகப் புரியும். ஹெர்ரிங் என்று இங்கே ஒரு மீன். நம் சாளை மாதிரியே இருக்கும், அதைவிடப் பெரிது, எண்ணெய்ப் பசை அதிகம். அதை முதுகுப் பக்கமாகத் தலையிலிருந்து வால்வரை கீறி, குடலை எடுத்துவிட்டு, புத்தகம் மாதிரி விரித்து, உப்புத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அப்புறம் ஓக் மரத்தூளைப் புகைய விட்டு, அந்தப் புகையிலேயே ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவார்கள். தீ படக்கூடாது, புகை மட்டும்தான். காலையில் செம்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். இங்கிலாந்தின் பழைய காலை உணவுகளில் அது ஒன்று.

முதல் நாள் காலையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு 16-ஆவது மாடிக்குப் போனோம். கல்யாணப் பந்தி எட்டை ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஒரு கூடம். பழம், ரொட்டி, முட்டை, கறி என்று பார்க்கும் இடமெல்லாம் சாப்பாடு. ஆனால் பாட்டியம்மா தட்டைப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. கப்பல் கம்பெனி அமெரிக்காக்காரர்களுடையது, சாப்பாடும் அவர்கள் வழக்கப்படிதான். பன்றிக்கறியை உப்பில் ஊறவைத்து பேக்கன் என்று செய்வார்கள் அல்லவா? இங்கிலாந்தில் அதை முதுகுப் பகுதியில் வெட்டுவார்கள். அகலமாக, மெத்தென்று, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கொழுப்போடு இருக்கும். அமெரிக்கர்கள் வயிற்றுப் பகுதியில் வெட்டி, அப்பளம் மாதிரி நொறுங்கும்வரை பொரிக்கிறார்கள். "இது பேக்கனே இல்லை" என்று பாட்டியம்மா தள்ளி வைத்துவிட்டார்.

டீயும் அப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு டீப் பையும் தந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு டீ என்றால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, சாயம் நன்றாக இறங்கிய பிறகு ஒரு சொட்டுப் பச்சைப் பால் விட வேண்டும். அறையில் வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அங்கே கெட்டில் இல்லை, தீப்பிடிக்கும் என்று வீட்டிலிருந்து கொண்டுவரவும் விடமாட்டார்கள். ஆயிரம் பதார்த்தம் இருக்கிற இடத்தில் ஒரு வயதான மனுஷி பாதி வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை அம்மா. நான் இங்கே வந்த முதல் மாதம், காலை ஆறு மணிக்கு ஆறிப்போன ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உன் இட்லியை நினைத்தேனே, அது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவர் தூங்கும்போது நானே இறங்கித் தேட ஆரம்பித்தேன். மேலே கூடத்தில் பரிமாறுகிறவர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. கடைசியில் கோவாக்கார அண்ணன் ஒருவர் சிரித்தார். அவருடைய அப்பாவும் வெள்ளைக்காரக் கப்பலில் சமையல்காரராக இருந்தவராம். கோவாவிலிருந்து ஆங்கிலேயர் கப்பல்களுக்குச் சமைக்கவும் பரிமாறவும் பல தலைமுறையாக ஆட்கள் போயிருக்கிறார்கள். "மேலே கேட்காதே, வாடை எல்லாருக்கும் பிடிக்காது என்று வைக்கமாட்டார்கள். 5-ஆவது மாடியில் உட்கார்ந்து சாப்பிடும் ஹால் இருக்கிறது. முதல் நாளே சொல்லிவிட்டால் அடுப்படியில் எடுத்து வைப்பார்கள்" என்றார். நானும் அவரும் இந்தியில் பாதி, இங்கிலீஷில் பாதி பேசிக்கொண்டோம். அவரே போய்ச் சொல்லியும் வைத்தார். அந்த அண்ணனுக்காக நான் தினமும் செபிக்கிறேன், நீயும் செபி.

மறுநாள் காலை கீழே போனோம். வெள்ளை விரிப்பு, வெள்ளித் தாங்கியில் நிற்க வைத்த ரொட்டி, கெட்டிலில் கொதித்த டீ. தட்டை மூடிக் கொண்டுவந்து வைத்துத் திறந்தார்கள். அந்த வாடை வந்தது பார், நான் அப்படியே நின்றுவிட்டேன். நம் பழைய வீட்டுப் பின்புறத்தில் ஆச்சி மாசி போடுவார்களே, சூரையை அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்து, அதே வாடை! நோர்வே போகிற கப்பலில், பீங்கான் தட்டில், எலுமிச்சைத் துண்டோடும் வெண்ணெயோடும் நம் புழக்கடை வந்து உட்கார்ந்திருந்தது.

பாட்டியம்மா முதலில் முகர்ந்துதான் பார்த்தார். அப்புறம் முள்ளை எடுக்க ஆரம்பித்தார், கண் தெரியாததால் முடியவில்லை. கிப்பரில் மயிர் மாதிரி மெல்லிய முள் நிறைய. நான் தட்டை என் பக்கம் இழுத்து, நடு முள்ளைத் தூக்கி, மிச்ச முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு வேகமாக யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். என் அம்மா கருவாடு போடுகிறவள் என்று சொன்னேன். மூன்று வருஷமாக அவர் வீட்டிலேயே இருக்கிறேன், இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போதுதான் அவரும் சொன்னார் அம்மா. அவர் பிறந்தது கிரேட் யார்மவுத் என்ற ஊரில், கிழக்குக் கடற்கரை. ஒருகாலத்தில் அங்கே இலையுதிர் மாதங்களில் ஆயிரம் படகுக்கு மேல் ஹெர்ரிங் பிடிக்க வருமாம். மீன் கூட்டம் வடக்கிலிருந்து தெற்கே நகர நகர, ஸ்காட்லாந்துப் பெண்கள் ரயிலேறிப் படகுகளுக்குப் பின்னாலேயே ஊர் ஊராக வருவார்கள். மூன்று பேர் ஒரு செட்டு. இரண்டு பேர் குடலை எடுப்பார்கள், ஒருத்தி பீப்பாயில் மீனும் உப்புமாக அடுக்குவாள். கத்தி வெட்டாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்களாம். அப்படியும் வெட்டுப்படும், அந்த வெட்டில் உப்பு ஏறும். பாட்டியம்மாவின் அம்மா அப்படி வந்த பெண்களில் ஒருத்தி. யார்மவுத் ஆளையே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவள். "அம்மாவின் கை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட மீன் வாடை அடிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அந்த வாடைக்காக இவ்வளவு தூரம் வருகிறேன்" என்றார். உன் கை நினைவு வந்து எனக்குப் பேச்சே வரவில்லை. மழைக்காலத்தில் உன் விரலிடுக்கில் உப்புப்புண் வந்தால் தேங்காய் எண்ணெய் தடவி விடுவேனே, அதை அவரிடம் சொன்னேன். அவருடைய அம்மாவும் ராத்திரியில் துணியை அவிழ்த்துக் கட்டுப் போடுவாளாம்.

அதற்குப் பிறகு தினமும் அந்த 5-ஆவது மாடிதான். மற்ற பதார்த்தங்களையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் புட்டிங் என்று கறுப்பாக ஒன்று வந்தது. பன்றி ரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் சேர்த்து அவித்து, வில்லை போட்டுப் பொரிப்பது. நாம் ஆட்டு ரத்தத்தில் வெங்காயம் போட்டுப் பொரிப்பதுதான் எனக்கு ருசி, ஆனால் இதுவும் நன்றாகவே இருந்தது. தக்காளிச் சாற்றில் வெந்த பயறு வைப்பார்கள், தித்திப்பு. எனக்கு ஒத்துவரவில்லை. எச்பி சாஸ் என்று பார்லிமென்ட் படம் போட்ட பாட்டில் ஒன்று மேஜைதோறும் இருக்கும். லேபிளை வாசித்துப் பார்த்தேன், பேரீச்சையும் நம் புளியும் சேர்த்திருக்கிறார்கள்! இந்த ஊர் ஆட்கள் புளியைத் தின்றுகொண்டே புளி என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறார்கள்.

ஒருநாள் கெட்ஜரி கொடுத்தார்கள். வடநாட்டுக் கிச்சடிதான் வெள்ளைக்காரர் வாயில் கெட்ஜரி ஆயிருக்கிறது. ஆனால் பருப்பு போய், புகை போட்ட ஹேடக் மீனும் அவித்த முட்டையும் வந்துவிட்டன. சோற்றில் கொஞ்சம் கறிப்பொடி, மேலே வெண்ணெய். தாளிப்பு இல்லாத சோறு எனக்குப் பாதிச் சோறுதான். ஆனால் ஆறு நாள் கழித்துக் காலையில் சோறு பார்த்தேன் அல்லவா, இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

கப்பல் முதலில் நின்ற ஊர் ஸ்டாவங்கர். வெள்ளை மர வீடுகள் வரிசையாக, வாசலெல்லாம் பூ. அங்கே பழைய டின்மீன் தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன மீன்களைக் கம்பியில் வரிசையாகக் கோத்து, புகையடுப்பில் வைத்து, அப்புறம் பெண்கள் டப்பாவில் அடுக்குவார்களாம். அந்தப் பெண்களின் படங்களுக்கு முன்னால் பாட்டியம்மா ரொம்ப நேரம் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். வடகடலில் ஹெர்ரிங் குறைந்துபோய் 1977-இல் பிடிக்கவே தடை போட்டார்களாம். இப்போது இங்கிலாந்தில் புகை போடும் மீனில் நிறைய நோர்வேயிலிருந்துதான் வருகிறது என்று அவர் சொன்னார். ஒருகாலத்தில் ஆயிரம் படகு நின்ற துறையில் இன்றைக்கு அந்தத் தொழில் இல்லை. நம் கடலில் சாளை வராத வருஷம் அப்பா கரையில் உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம் ஞாபகம் வந்தது.

மலையும் அருவியும் கெய்ராங்கர் என்ற இடத்தில் பார்த்தோம். படம் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டைட்டானிக்கைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? அதன் மூன்றாம் வகுப்புச் சாப்பாட்டு அட்டை ஒன்றின் படத்தை, திரும்பி வரும்போது கப்பலில் இருந்த ஒரு புத்தகத்தில் பார்த்தேன். 1912 ஏப்ரல் 14, கடைசி நாள். காலைச் சாப்பாடு ஓட்ஸ் கஞ்சி, புகை போட்ட ஹெர்ரிங், தோலோடு வெந்த உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி, மார்மலேட். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்கள் பலர் அந்த மூன்றாம் வகுப்பில்தான் இருந்தார்கள். பாட்டியம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மீன் கடையிலிருந்து இரண்டு கிப்பர் வாங்கி வந்தேன். அவருடைய அம்மா செய்கிற மாதிரி, நீளமான ஜாடியில் வாலை மேலே வைத்து நிறுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்தேன். அடுப்பே வேண்டாம், வீட்டில் வாடையும் ஏறாது. சின்ன வயதில் அந்த வாடைக்கு வெட்கப்பட்டதாகச் சொன்னவர் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை வந்து சேரும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். கொடியேற்றத்துக்கு நான் வர முடியாது, என் பெயரில் மாதாவுக்கு மாலை போடு.

இன்னொன்று. ஆச்சி மாசிக்கு என்ன போட்டுப் புகைப்பார்கள் என்று பாட்டியம்மா கேட்டார். ஓக் மரம் நம்மிடம் இல்லை என்று மட்டும் சொன்னேன். தேங்காய் மட்டையா, உடைமர விறகா, எத்தனை நாள் புகை, எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. தினமும் கேட்கிறார். தம்பியிடம் சொல்லி உடனே எழுதச் சொல்.

உன் அன்பு மகள்