கழிவு என்று தாங்கள் ஒதுக்கிய நீலக் கேன் குறித்து

வள்ளவிளைக் கடற்கரையிலிருந்து, மேலூர்க் கலத்தின் தேடுதல் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தங்களை எப்பெயரிட்டு விளிக்க வேண்டும் என்று தாங்கள் இன்றுவரை தெரிவிக்காததால், எங்கள் கரையில் சிறுபிள்ளைகள் முதல் கிழவிகள் வரை வழங்கும் 'மேலூரார்' என்னும் பெயராலேயே இம்மடலை எழுதுகிறேன். அதில் இழிவு ஏதுமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் ஊர்ப்பெயர் சொல்லி அழைத்துக்கொள்பவர்கள்தாம். தாங்கள் வேற்றுக் கோளிலிருந்து, மேலேயிருந்து வந்தீர்கள், அவ்வளவே.

காற்று அடித்த இரவைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் விசைப்படகில் தூண்டில் தொழிலுக்குப் போன 11 பேரும், தங்கள் சிறுகலத்தில் இருந்த மூவரும் ஒரே இரவில், ஒரே கடலில் காணாமல் போனார்கள். அன்று முதல் இரு தரப்பும் இணைந்து தேடுவதாகச் சொல்லிக்கொள்கிறோம். இன்று 15-ஆம் நாள். நேற்று மாலை தாங்கள் அனுப்பிய அறிவிப்பில், உயிர்வெப்பம் எங்கும் தென்படவில்லை என்றும், இன்னும் மூன்று நாளில் தேடுதல் நிறைவுறும் என்றும் கண்டிருந்தது. அந்தச் சொல்லைப் படித்த பிறகு ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

நாங்கள் கேட்பது முதல் நாள் கேட்டதேதான். தேடப் போகும் தங்கள் கலம் ஒவ்வொன்றிலும் எங்கள் கடலோடி ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்பதற்கு ஒன்பதாம் நாள் நடந்ததைச் சொன்னால் போதும். அன்று விடியற்காலையில் தங்கள் கலம் ஒன்று எங்கள் கரையில் ஒரு குவியலை இறக்கிவிட்டுப் போயிற்று. பாட்டில்கள், அறுந்த வலை, தெர்மோகோல் துண்டுகள், ஒற்றைச் செருப்புகள் எல்லாம் அதில் இருந்தன. கடலில் கிடந்த 'தங்கள் இனத்தின் கழிவு' என்று குறிப்பும் கூடவே வந்தது. சரிதான், எங்கள் கழிவுதான். அந்த வெட்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த என் அக்காள் அதிலிருந்து ஒரு நீல டீசல் கேனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். எங்களை அருகில் விடவில்லை. அவள் மகன் அந்தப் படகில் இருக்கிறான்.

அந்தக் கேனை நான் பிறகு கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு டீசல் இல்லை. யாரோ அதைக் கொட்டிவிட்டு, மூடியின் அடியில் பிளாஸ்டிக் தாளை வைத்து, நீர் புகாதபடி இறுக்கியிருந்தார்கள். பச்சைக் கட்டம் போட்ட சாரம், அதாவது கைலி, ஒன்றை நீளவாக்கில் கிழித்து, முறுக்கி, கைப்பிடியில் கோத்து, இரண்டு கண்ணிகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணியும் ஓர் ஆளின் தோள் நுழையும் அகலம். கண்ணியின் உட்புறத்தில் துணி நைந்து, நூல் பிரிந்து, பஞ்சுபோல் ஆகியிருந்தது. ஓரிரு நாழிகையில் துணி அப்படி நையாது. அக்குளில் அறுபட்டு அறுபட்டு, அலைக்கு அலை உரசினால்தான் அந்தப் பதத்துக்கு வரும். ஆகவே அந்தக் கேனில் இரண்டு பேர் இருந்தார்கள், நெடுநேரம் உயிரோடு இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளில் பள்ளிக்கூடம் போகாதவனும் இதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவான். தங்கள் கருவிகள் அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்தன என்று கேட்டோம். உயிரற்ற பொருள்களுக்கு இடக்குறிப்பு எழுதுவதில்லை என்று பதில் வந்தது.

வெப்பத்தைக் கொண்டு தேடுவது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கடல் 28 டிகிரியை ஒட்டிக் கிடப்பது. மனித உடலின் சூடு 37 டிகிரி. நாள்கணக்கில் நனைந்து விறைத்த ஒருவனின் தலையும் ஒரு கையும் மட்டும் அலைக்கு மேலே தெரியும்போது, அந்தச் சிறு வேறுபாட்டை அத்தனை உயரத்திலிருந்து எவ்வளவு நம்ப முடியும்? நாங்கள் தேடும்போது முதலில் பறவையைப் பார்க்கிறோம், பிறகு நீரின்மேல் எண்ணெய் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம், பிறகு மிதக்கும் பலகையை, கேனை, அதில் கட்டியிருக்கும் முடிச்சைப் பார்க்கிறோம்.

தேடிய திசையிலும் அதே கதைதான். வாடைக்காற்றைக் கணக்கிட்டுத் தாங்கள் தெற்கேயும் தென்மேற்கேயும் சலித்தெடுத்தீர்கள். நீருக்குமேல் உயர்ந்து நிற்கும் பொருளைக் காற்று தள்ளும். கழுத்தளவு அமிழ்ந்து கிடக்கும் ஆளை நீவாடுதான், அதாவது கடல் நீரோட்டம்தான், இழுக்கும். இந்த மாதங்களில் எங்கள் மேற்குக் கரையோரம் நீவாடு வடக்கே ஓடுகிறது. அதை நம்பிக் கொல்லத்துக்கும் மேற்கே எங்கள் ஆறு படகுகள் சொந்த டீசல் போட்டுத் தேடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கம் ஒரே ஒரு கலம் அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்றீர்கள். எங்கள் மொழியில் தாங்கள் இவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்ட வேறொரு தொடர் எனக்குத் தெரியவில்லை.

இது எங்களுக்குப் புதிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது தேட வந்தவர்கள் எங்களைப்போல இரண்டு கை, இரண்டு கால் உள்ளவர்கள்தாம். அவர்களிடமும் இதையேதான் மன்றாடினோம்: எங்கள் ஆள்களை ஏற்றிக்கொள்ளுங்கள், கடல் எங்கே கொண்டுபோகும் என்று நாங்கள் காட்டுகிறோம். குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தது அந்த டிசம்பரில்தான். கடலோடிகள் தேடுதல் கப்பல்களில் ஏறியதும் அந்நாள்களில்தான். தப்பிய படகுகள் பல மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை போய்க் கரை சேர்ந்தன. அத்தனை தொலைவில் உயிர் இருக்கும் என்று மேசைமேல் வரைபடம் விரித்தவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள்? ஆகையால், வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக மட்டும் தங்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமம் இருப்பதை வந்த மூன்றாம் நாளே தங்கள் கருவிகள் கண்டுகொண்டன. மணலுக்குள் இருக்கும் தோரியத்தைப் பிரித்தறியும் கண்ணுக்கு, நீலக் கேனில் கட்டிய பச்சைச் சாரம் தெரியவில்லை என்றால், அது கண்ணின் குறையா, பார்ப்பவரின் அக்கறைக் குறையா என்று எங்கள் ஊர் இளைஞர்கள் கேட்கிறார்கள். குமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க கடலடி மேடான வாட்ஜ் கரைக்கு மேலே தங்கள் பெருங்கலம் நிற்பதால் அங்கே தொழில் முடங்கியிருப்பதையும், அதற்கான இழப்பீட்டைத் தாங்களும் எங்கள் அரசும் மாறி மாறிக் கைகாட்டுவதையும்... வேண்டாம், அது வேறு வழக்கு. அதற்குத் தனியே எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில், காணாமல் போனவர் 7 ஆண்டுகள் வரை எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகச் சட்டம் கருதும். அந்த 7 ஆண்டும் ஒரு பெண் தாலியோடு வாசலில் நிற்பது எவ்வளவு கொடுமை என்பதைக் கண்டவன் நான். தாங்களோ 18 நாளில் கணக்கை மூடுகிறீர்கள். எங்களுக்காக வேண்டாம், தங்கள் மூவருக்காகவாவது சற்றுப் பொறுக்கக் கூடாதா? அவர்களையும் எங்கள் படகுகள் தேடுகின்றன. ஆனால் அந்தச் சிறுகலம் நீருக்கு மேல் எவ்வளவு நிற்கும், எவ்வளவு அமிழும் என்று கேட்டால் இரகசியம் என்கிறீர்கள். மிதப்பு தெரியாத பொருள் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை அவர்களும் எங்கள் கண்ணில் வெறும் குப்பையாகப் பட்டு, நாங்களும் கடந்து வந்திருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

எனவே மிகுந்த பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தேடுதல் கலத்திலும் எங்கள் கடலோடி ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். கேனை எடுத்த கலம் முந்தைய மூன்று நாள்களில் சென்ற பாதையை எங்களுக்குத் தாருங்கள். பொருளுக்கு இடக்குறிப்பு இல்லாவிட்டாலும் கலத்துக்கு இருக்கும் அல்லவா? தங்கள் சிறுகலத்தின் மிதப்பைச் சொல்லுங்கள், வேறெதையும் கேட்க மாட்டோம்.

நாளை அதிகாலை 4 மணிக்குத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் எங்களில் நான்கு பேர் நிற்பார்கள். கருவாட்டு வாடை தங்களுக்கு ஒவ்வாது என்பதால் குளித்து, வெளுத்த துணி உடுத்தி வருவார்கள். கேனை அக்காள் யாரிடமும் கொடுக்க மறுக்கிறாள். அதனால் ஐந்தாவது ஆளாக அவளும் வருவாள்.

இப்படிக்கு,
வள்ளவிளையைச் சேர்ந்த ஒரு பழைய கடலோடி