சுருக்கம் பதித்தால் சாயல் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பாலிமர் களிமண்ணால் மனித முகங்களை உயிரோட்டமாகச் செய்வது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின், சென்னிமலையில் என் வீட்டுத் திண்ணையையே பட்டறையாக்கிக்கொண்டு இதே வேலையில் பொழுதைக் கழிப்பவன் என்பதால் ஆவலோடுதான் படித்தேன். எனினும், அதிலிருந்த இரண்டு செய்திகளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

முதலாவது, சூடு. கேக் வேகும் சூட்டிலேயே இதையும் சுட்டுக்கொள்ளலாம் என்று எழுதப்பட்டிருந்தது. பெயரில் களிமண் இருந்தாலும் பொருளில் மண் இல்லை, பி.வி.சி. பிளாஸ்டிக்கை, அதை இளக்கி வைக்கும் வேதிப்பொருளோடு குழைத்துச் செய்வது இது. கடையில் ஃபிமோ என்ற பெயரில் விற்கும் வகைக்கு 110 டிகிரி செல்சியசில் 30 நிமிடமும், ஸ்கல்பி என்ற பெயரில் விற்கும் வகைக்கு 130 டிகிரியில் கால் அங்குலக் கனத்துக்கு 15 நிமிடமும் போதும். கேக்குக்கு வைக்கும் 180 டிகிரியில் வைத்தால் நிறம் மாறிக் கருகத் தொடங்கும். கருகினால் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். ஓவன் குமிழில் உள்ள எண்ணை நம்பாமல், உள்ளே தனியாக ஒரு வெப்பமானியை வைத்துப் பார்ப்பதும், சமையல் ஓவனை இதற்கு எடுக்காமல் இருப்பதும் நல்லது.

இரண்டாவதைப் பற்றித்தான் நான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஒரு புகைப்படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நெற்றிக்கோடு, கண்ணோரச் சுருக்கம், மச்சம் ஆகியவற்றை ஊசிமுனையால் நுணுக்கமாகப் பதித்துவிட்டால் சாயல் தானே வந்துவிடும் என்று கட்டுரையாளர் கூறுகிறார். நானும் அப்படி நம்பித்தான், என் தாயைப் பெற்ற அப்பிச்சியின் முகத்தை, சட்டம் போட்டு மாட்டியிருந்த ஸ்டுடியோ படத்தைப் பார்த்து, ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தேன். வெயிலில் உழைத்த தோலின் ஒவ்வொரு வரியும் அதில் இருந்தது. அம்மாவிடம் காட்டியபோது, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆரோ பெரியவராட்டத் தெரியுது கண்ணு, எங்கய்யனாட்ட இல்லையே" என்றார்.

பிழை சுருக்கங்களில் இல்லை, அவற்றுக்கு அடியில் இருந்தது. நேர்முகமாக எடுத்த படம் அகலத்தையும் உயரத்தையும் காட்டுமே தவிர, காது எவ்வளவு பின்னே இருக்கிறது, தாடை எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்பதைக் காட்டாது. பிறகு ஒரு கல்யாணக் கூட்டப்படத்தில், பந்தற்காலின் அருகே அப்பிச்சி பக்கவாட்டில் திரும்பி நிற்பதைக் கண்டுபிடித்தோம். நான் வைத்த காது அரை விரற்கடை முன்னே வந்திருந்தது. தலையின் பின்புறம் தட்டையாகிவிட்டது. கன்ன எலும்பு அவருக்கு இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது. சுருக்கங்களையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய காலிப்பரால் அளந்து அளந்து மறுபடியும் செய்தேன். தோலில் ஒரு கோடுகூடப் பதிக்காத நிலையிலேயே அம்மா அடையாளம் கண்டுகொண்டார். தலையில் உருமால் ஏன் கட்டவில்லை என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

நம் சிற்ப மரபில் தாலமானம் உண்டு. முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து உடலை அளப்பார்கள். அது தெய்வ உருவத்துக்கான இலக்கணம்; அதில் ஆளுக்கு ஆள் மாறுபாடு வரக் கூடாது. ஓவியப் பாடத்திலும், தலையின் உயரத்துக்குச் சரிபாதியில் கண், முகத்தின் அகலம் ஐந்து கண்ணளவு, புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையே காது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால், குறிப்பிட்ட ஒருவரைச் செய்யும்போது அந்த அளவிலிருந்து அவர் எங்கே, எவ்வளவு விலகுகிறார் என்பதே சாயல். ஒரு கண் சற்றுத் தாழ்ந்திருக்கும், மூக்குத்தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இவற்றை அழகுக்காகச் சரிசெய்தால் ஆள் காணாமல் போய்விடுவார். கைபேசியை முகத்தருகே நீட்டி எடுக்கும் படங்களில் மூக்கு பெரிதாகவும் காதுகள் ஒடுங்கியும் தெரிவதால், ஏழெட்டு அடி தள்ளி நின்று, நான்கு பக்கமும் எடுப்பதே பயன்படும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. திருமுருகன்பூண்டிக் கல் சிற்பக்கூடங்களில் கண் திறப்பது கடைசி வேலை. இந்த வேலையிலோ கண்ணே முதல். விழிகளைத் தனி உருண்டைகளாகச் செய்து, சுட்டு இறுக்கி, குழிகளில் பொருத்திய பின்புதான் இமையை மேலே போர்த்துகிறோம். மேலிமை கருவிழியின் உச்சியைச் சிறிது மறைக்க வேண்டும். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் கொலு பொம்மையின் விழிப்பு வந்துவிடும். கொலுவுக்கு அது பொருத்தம்தான், மனித முகத்துக்குப் பொருந்தாது.

உள்ளே அலுமினியத் தாளை இறுகக் கசக்கி மண்டையோட்டு வடிவில் அமைத்து, அதன் மேல் கால் அங்குலக் கனத்துக்குப் போர்த்தினால் பொருளும் மிச்சம், சுடும்போது வெடிப்பும் குறைவு. காற்றுக்குமிழ் உள்ளே சிக்காமல் அழுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் கைச்சூட்டுக்கே இது குழைந்துவிடுவதால், குளிர்பதனப் பெட்டியில் வைத்து வைத்து எடுப்பேன். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய தொல்லை பஞ்சுத்தூசி; பக்கத்து வீட்டில் தறி ஓடும்போது தோல் நிறத்தில் எதையும் பிசைய முடியாது, முகமெல்லாம் நூல் ஒட்டிக்கொள்ளும். உடுமலை அருகே சோமவாரப்பட்டிக் கோயிலுக்கு மாட்டு உருவாரம், அதாவது நேர்த்திக்கடன் மண்பொம்மை, செய்துதரும் குயவருக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால், அவருடைய மண் காயவும் வேகவும் சுருங்கும். இது சுருங்குவதில்லை என்று சொல்லும் அளவுக்கே சுருங்குகிறது, சுடும்வரை காய்வதும் இல்லை. செய்த முகத்தை மூடி வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்துக் கண்ணாடியில் பிம்பமாகப் பார்த்துத் திருத்தலாம். கட்டுரையாளர் சொல்லும் ஒரே நாள் அவசரம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

நவராத்திரி நெருங்கும்போது இந்தக் கட்டுரையைப் பார்த்துப் பலர் வீட்டில் செய்து பார்க்கக்கூடும். ஆகையால், வேறு எதை வெளியிடாவிட்டாலும், சூடு பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.